யாழினிக்கு முன்னால் ஓர் இலை

உட்கார் அம்மிணி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். கட்டிலில் உட்கார், இங்கேதான் காற்று வரும். பெயர் என்ன சொன்னாய், ரெஹானாவா? நல்ல பெயர். கோயமுத்தூரிலிருந்து இந்தப் பல்லடம் வரைக்கும் என்னைத் தேடிக்கொண்டா வந்தாய்? போனில் அந்தப் பனிக்கோட்டை கேம் விளையாடுகிறவர்கள் ஊர் உலகமெல்லாம் இருக்க, என் பெயரா விழுந்தது உங்கள் கம்பெனிக்கு?

சரி, கேட்டதை இன்னொரு தடவை கேள். உங்கள் கம்பெனி புதிதாக ஒரு விளையாட்டு செய்யப்போகிறது. அதில் எனக்கு என்னென்ன வேண்டும். அவ்வளவுதானே? நான் எட்டாவதோடு நின்றவள், பெரிய பெரிய வார்த்தை வராது. ஆனால் என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதிக்கொள். ஒரு ஆளுக்கு மருந்து போடுகிறவள் ஒருத்திதான் இருக்கவேண்டும். இன்னொருத்தி கையை நீட்டினால் அந்தக் கை சுட வேண்டும்.

ஏன் பேனாவை நிறுத்திவிட்டாய்? விளையாட்டாகச் சொல்லவில்லை. எழுது.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். எங்கள் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், ஒரு குடோனில் வேலை. போன வருஷம் லீவு கிடைக்கவில்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை. தினமும் வீடியோ போனில் பேசுவோம். என்ன பேசுவோம்? "சாப்டியா?" "ஆச்சுங்க. நீங்க?" "ஆச்சு." அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருப்போம். கொஞ்ச நேரம் போனால் அவர் மோட்டுவளையைப் பார்ப்பார். நான் கேஸ் அடுப்பைப் பார்ப்பேன். "சரி, வெச்சுடட்டா?" "வெச்சுடுங்க." இதுதான் எங்கள் குடித்தனம்.

அவர்தான் ஒரு நாள் சொன்னார், "சாந்தா, நம்ம ரூம் பசங்க ஒரு கேம் ஆடறாங்க. நீயும் வா. பேச விசயம் இருக்கோ இல்லையோ, ஒண்ணா நடந்துக்கிட்டாவது இருக்கலாம்." மகள் கட்டிக்கொண்டு போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய போன் ஒன்று கிடந்தது. அதிலும் வரும், என் போனிலும் வரும் என்றார். ஒன்றாக நடக்கலாம் என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உள்ளே போனேன். அதற்கு முன்னால் எனக்குக் கேம் என்றால் சீட்டாட்டம்தான்.

அவர் வாளும் கேடயமும் எடுத்துக்கொண்டு முன்னால் நிற்கிற ஆள். பூதம் வந்தால் முதல் அடி அவருக்குத்தான். நொய்யல் வீரன் என்று பெயர் வைத்துக்கொண்டார். நான் மருத்துவச்சி. அடிபட்டவர்களைத் தொட்டு உயிர் ஏற்றுகிற வேலை. பெயரை மாற்றவெல்லாம் எனக்குத் தோன்றவில்லை, சாந்தாமணி என்றே போட்டேன். விளக்கு வைத்த பிறகு அவருக்கு அங்கே வேலை முடியும். நான் குக்கரை ஏற்றிவிட்டு உட்காருவேன். எங்கள் அணியில் சேலத்துத் தம்பி ஒருவன் தலைவன், கிஷோர் என்று பெயர். இன்னும் சில பேர், யாருக்கும் யார் முகமும் தெரியாது.

எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா அம்மிணி! அவரும் நானும் பனிமலையில் போவோம். சண்டைகூட வேண்டாம், சும்மா போவோம். "அங்க பாரு புள்ள, மானு" என்பார். கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் மானைக் காட்டினவரா அவர்? கோயமுத்தூர் வ.உ.சி. பூங்காவுக்கு மான் பார்க்கக்கூட எங்களைக் கூட்டிப்போனது அவருடைய அண்ணன்தான்.

அப்புறம்தான் பிரச்சினை வந்தது. கிஷோர் தம்பி ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டான், "அக்கா, நொய்யல் அண்ணன் ஒவ்வொரு சண்டைலயும் ஏன் செத்துப்போறாருன்னு தெரியுமா?"

"அவருக்கு அவசரம் ஜாஸ்தி தம்பி. முன்னாடி போயி நிக்கறாரு."

"முன்னாடி நிக்கறதுதாங்க்கா அவர் வேலை. நீங்க அவருக்குக் கடைசியாத்தான் மருந்து போடறீங்க. மத்த எல்லாருக்கும் போட்டு முடிச்சிட்டு மிச்சம் இருந்தாத்தான் அவருக்கு."

பின்னே? நீயே சொல். எங்கள் பங்காளி வீடுகளில் விசேஷம் என்றால் பந்திக்கு என்னைத்தான் நிற்க வைப்பார்கள். சாந்தாமணி நின்றால் இலையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் குறை சொல்லாமல் எழுவார்கள் என்று பேர். முதல் பந்தி சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு, வெளியூர்க்காரர்களுக்கு. அப்புறம் உள்ளூர் ஜனம். நம்ம வீட்டு ஆண்கள் கடைசி. அதற்கும் பிறகு நாங்கள். வெளியாள் நிற்கும்போது சொந்தப் புருஷனுக்கு இலை போடுகிறவளை யாராவது மதிப்பார்களா? கிஷோர் யாரோ பெற்ற பிள்ளை. மற்றவர்களும் அப்படித்தான். அவர்களை அடிபட விட்டுவிட்டு என் வீட்டுக்காரருக்கு நான் முதலில் மருந்து போட்டால், அவர்கள் என்ன நினைப்பார்கள்? "இந்தக்கா அவங்க ஆளை மட்டும் பாத்துக்குது" என்று சொல்ல மாட்டார்களா?

நான் இதைச் சொன்னதும் மைக்கில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "விடுங்க தம்பி, எனக்குப் பழக்கந்தான்" என்றார். அதற்கு அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். "சாந்தா, உனக்கும் பாரம். எனக்குன்னு வேற ஒரு மருத்துவச்சி வந்தா சேத்துக்கலாம்."

வேற ஒரு மருத்துவச்சி.

அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எவளாக இருக்கும்? மதுரைக்காரியாக இருக்குமா? சின்னப் பெண்ணாக இருக்குமா? இவர் அடிபட்டு விழும்போது எவளோ ஒருத்தி ஓடிவந்து தொடுவாள். இவர் எழுந்து "தேங்க்ஸுங்க" என்பார். அந்த "ங்க" எனக்கு அப்போதே காதில் விழுந்தது.

எவளோ வருவதற்குள் நானே வந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. மகளுடைய பழைய போன் இருக்கிறதே. அதில் புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்து ஒருத்தியை உண்டாக்கினேன். யாழினி. இந்தக் காலத்துப் பெண்களுக்கு வைக்கிற பெயர்தானே? இருபது வயசு மாதிரி உடம்பு. இடுப்பு வரைக்கும் சிவப்பு முடி. கண் மட்டும் இத்தனை பெரிசு. செய்யும்போதே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் அவரைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றால் சுமாரான பெண்ணை வைத்தா சோதிக்க முடியும்?

இது தப்பா? வேவு பார்ப்பது என்று நீ நினைப்பாய். நான் அவரைக் காவல் காத்தேன், அவ்வளவுதான்.

அணியில் யாழினி சேர்ந்தாள். மைக் கெட்டுப்போய்விட்டது என்று எழுதிப் போட்டேன், பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா. தட்டித் தட்டி எழுத்துதான். சாந்தாமணிக்கு வீட்டில் வேலை அதிகம், வாரத்தில் பாதி நாள் வரமாட்டாள் என்று அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். "அப்படியா, சரி சரி" என்றார். ஏன், என்ன வேலை, எப்ப வருவே, ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் "சரி சரி"யில் ஒரு சந்தோஷம் இருந்தது அம்மிணி. பெற்ற தாய்க்குத் தெரியாவிட்டாலும் கட்டினவளுக்குத் தெரியும்.

முதல் நாள் குகைச் சண்டை. உள்ளே நுழைவதற்கு முன்னால் யாழினி வாசலில் நின்று கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். சாந்தாமணியும் அப்படித்தான் போடுவாள். சண்டைக்குப் போகிறவள் கும்பிடாமல் போவாளா? நொய்யல் வீரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நகரவே இல்லை. பூதம் வந்து முதுகில் அடித்த பிறகுதான் திரும்பினார். அப்படி ஒரு பார்வை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு யாழினி அவருக்குத்தான் முதலில் மருந்து போட்டாள். போட்டாள் என்ன, நான்தான் போட்டேன். ஆனால் அது வேறு. யாழினிக்கு அவர் வேற்று ஆள். வேற்று ஆளுக்குத்தானே முதல் இலை? எனக்கு முறை தெரியும். அவர் அன்றைக்குச் சாகவே இல்லை. கடைசிப் பூதம் வரைக்கும் நின்று அடித்தார். கிஷோர் குதிக்கிறான், "நொய்யல் அண்ணா, இன்னிக்குத்தான் உங்க முழு ஆட்டத்த பாத்தோம்!" அவர் யாழினிக்கு எழுதினார்: "முதல் தடவையா எனக்கு முதல்ல கெடச்சுதுங்க. ரொம்ப சந்தோசம்."

நான் இங்கே ஒருத்தி உயிரோடு இருக்கிறேன். அவளுக்கு "ரொம்ப சந்தோசம்."

அதிலிருந்து அவள் வருகிற நாளெல்லாம் அவளோடுதான். மலைக்குக் கூட்டிப்போனார், ஏரிக்குக் கூட்டிப்போனார். என்னிடம் சொல்லாததை எல்லாம் அவளிடம் எழுதினார். குடோனில் மேலாள் மாறிவிட்டானாம், புதுசாக வந்தவன் முகம் கொடுத்தே பேசுவதில்லையாம். ரூமில் ஏசி ஓடவில்லையாம், ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாராம். எனக்குத் தெரியுமா இதெல்லாம்? "சாப்டியா?" "ஆச்சு."

ஒரு நாள் எங்கள் மகளுடைய சடங்கு விருந்தைப் பற்றி எழுதினார். "எங்க வீட்டம்மா பந்திக்கு நின்னா சுத்துப்பட்டுல பேருங்க. அன்னிக்கு எல்லாரும் சாப்ட்டு முடிச்சப்ப பாயசம் தீந்துபோச்சு. அண்டாவ சாய்ச்சு, சொரண்டி, அரை டம்ளர் எடுத்துக்கிட்டு மாடிப்படில என்னைத் தேடி வந்தா. பாதி நீ குடின்னேன். எனக்கு வேண்டாம்னுட்டா. நெத்தியெல்லாம் வேர்வை, மூக்குத்தி மட்டும் மின்னுது. அந்த அரை டம்ளருக்கு இணையா நான் எங்கயும் குடிச்சதில்லைங்க."

அது எங்கள் பாயசம் அம்மிணி. எனக்கும் அவருக்குமான பாயசம். அதை எடுத்து ஒரு சிவப்பு முடிக்காரியிடம் சொல்லலாமா? என்னிடம் ஒரு நாளாவது சொன்னாரா நன்றாக இருந்தது என்று? நான் அன்றைக்கு இரவெல்லாம் படுத்துக்கொண்டு அந்த யாழினியைத் திட்டினேன். ஏன் அழுதேன் என்று கேட்காதே. கோபத்தில் வந்த அழுகை.

இன்னும் கேள். "முட்டிவலி எப்படிங்க இருக்கு, தைலம் தேக்கறீங்களா?" என்று அவளிடம் கேட்கிறார். இருபது வயசுக்காரிக்கு என்ன முட்டிவலி? நான் அவளாக இருந்து முட்டியைப் பற்றி ஒரு எழுத்து எழுதினதில்லை. எனக்குத்தான் இந்த வலது முட்டி மாடிப்படி ஏறவிடாது. ஊரில் இருக்கிற பொம்பளைகளை எல்லாம் முட்டிவலி விசாரித்துக்கொண்டு திரிகிறார் போலிருக்கிறது. இன்னொரு நாள் பாதிச் சண்டையில், "குக்கர் சத்தம் நின்னிருக்கும், போயி எறக்கிட்டு வாங்க. நான் பூதத்தப் புடிச்சுக்கறேன்" என்கிறார். அவள் வீட்டில் குக்கர் ஏற்றியிருக்கிறாள் என்று இவருக்கு என்ன தெரியும்? அந்த அளவுக்கு அவள் வீட்டு நடப்பு இவருக்கு அத்துப்படி ஆகிவிட்டதா?

என்ன? என்ன சொல்ல வருகிறாய்? "அக்கா, ஒருவேளை அவருக்கு..." ஒருவேளையும் வேண்டாம், இருவேளையும் வேண்டாம். நீ கல்யாணம் ஆகாத பெண், ஆண்பிள்ளைகளைப் பற்றி உனக்குத் தெரியாது. குறுக்கே பேசாமல் கேள்.

அவளைக் கொன்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். கணக்கை அழிக்கிற இடத்துக்குப் போய் அமுக்கினேன். "யாழினி நிரந்தரமாக நீங்கிவிடுவாள். உறுதியா?" என்று கேட்டது. உறுதி என்றேன். ஒரு வாரம் பொறுத்திரு, மனசு மாறினால் திரும்பி வா என்று போட்டது. சரி, ஒழிந்தாள், இனி நான் மட்டும்தான் என்று என் போனில் சாந்தாமணியாக உள்ளே போனேன். எங்கே இருக்கிறார் தெரியுமா அவர்? சண்டைக்கும் போகவில்லை, மலைக்கும் போகவில்லை. குகை வாசலில் அவள் கும்பிடு போடுகிற இடத்தில் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மைக்கில் கேட்டேன், "ஏனுங்க இங்க உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான் புள்ள. யாழினி வரலை, அதான்."

"அவ வராட்டி என்ன, நான் வந்திருக்கேன்ல?"

"நீ வந்தா சந்தோசந்தான். ஆனா அவளும் இருந்தா நல்லாருக்கும்."

என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்! அன்றைக்கு நடந்த சண்டையில் நான் முறைப்படி எல்லாருக்கும் மருந்து போட்டேன். அவர் செத்துப்போனார். எழுப்பிவிட்டேன். "தேங்க்ஸ்" என்றார். "ங்க" இல்லை.

மறுநாள் யாழினியைத் திருப்பிக் கூட்டிவந்தேன். எனக்காக இல்லை. அந்த மனுசன் எத்தனை நாள் வாசலில் உட்கார்ந்திருப்பார்? எத்தனை வயிற்றெரிச்சல் இருந்தாலும் அதைப் பார்க்க முடியவில்லை. நான் உண்டாக்கினவளை நானே அழிக்க முடியாமல் நிற்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், எழுது: உங்கள் புது விளையாட்டில் ஒருவர் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். இரண்டாவது கணக்கு ஆரம்பிக்க வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். அழிக்க வேண்டும் என்று அமுக்கினால் உடனே அழித்துவிடுங்கள். யோசிக்க ஒரு வாரம் கொடுத்து ஆளைச் சித்திரவதை செய்யாதீர்கள்.

இன்னும் ஒன்று. சண்டை இல்லாத ஒரு இடம் வேண்டும். பூதமும் வேண்டாம், புதையலும் வேண்டாம். ஒரு படிக்கட்டு மாதிரி. இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு. மூன்றாவது ஆள் ஏற முடியாத மாதிரி. ஏதாவது குடிக்கிற மாதிரி ஒரு டம்ளர். ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? மின்விசிறி தூசியா? அதைத் துடைக்கவேண்டும் என்று நானும்தான் பார்க்கிறேன், முட்டி விடவில்லை.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதற்குத்தான் உன்னை உட்காரச்சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள். நேற்று அவர் யாழினிக்கு எழுதுகிறார்: "தை மாசம் லீவு கெடச்சிருச்சுங்க. ஊருக்கு வர்றேன். உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன்."

யாழினியாகக் கேட்டேன், "உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை. சொன்னா ஒடனே அண்ணன் வீடு, தங்கச்சி வீடு, பங்காளி வீடு எல்லாத்துக்கும் சொல்லி விருந்து வெச்சுருவா. எல்லாரும் வருவாங்க. நான் கடைசிப் பந்தில ரசஞ்சோறு சாப்புடுவேன். அதான் உங்ககிட்ட கேக்கறேன். வந்ததும் எனக்கு முதல் இலை போடுவீங்களா?"

பார்த்தாயா? கேட்டாயா? அவள் வீட்டில் போய் முதல் இலையில் உட்காரப்போகிறாராம்! இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வருகிற மனுசன், கட்டினவள் இங்கே வழியைப் பார்த்துக்கொண்டு இருக்க, எவளோ வீட்டில்... அவளுக்கு வீடே கிடையாதே அம்மிணி! அது தெரியாமல் பேசுகிறாரே!

மகளுடைய போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு என் போனிலிருந்து அவருக்குக் கூப்பிட்டேன். "லீவு ஏதாவது சொன்னாங்களா?" "பாக்கலாம் புள்ள" என்றார். சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு குரல். அப்படியே அவருடைய அம்மா மாதிரி, அவருக்குத் திருட்டுத்தனம் செய்தால் சிரிப்பு வந்துவிடும்.

நீயும் ஏன் அதே மாதிரி சிரிக்கிறாய்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் தெரியாதா? சிரி, சிரி. உனக்கும் ஒரு நாள் வரும்.

ஆனால் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். யாழினியிடம் தோற்கிறதாக இல்லை. அவர் எந்த விமானத்தில் வருகிறார் என்று அவள் மூலமாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளப்போகிறேன். யாருக்கும் சொல்லமாட்டேன். மச்சாண்டாருக்கும் இல்லை, நாத்தனாருக்கும் இல்லை. பங்காளி வீட்டில் பேசாமல் போனால் போகட்டும், பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதே கூடத்தில் இலை விரித்திருப்பேன். ஒரே ஒரு இலை. ஓரத்தில் உப்பு, அப்புறம் இனிப்பு. அண்டாவில் எல்லாம் இல்லை, சின்ன உருளியில் பாயசம், பொங்கும்போதே இறக்கி முதல் கரண்டி அவருக்கு. எவனாவது சம்பந்தி வந்து வாசலில் நின்றால்கூட, "கொஞ்சம் இருங்க, எங்க வீட்டுக்காரர் சாப்புடறாரு" என்று சொல்லிவிடுவேன். நான் அப்படிச் சொன்னதே கிடையாது. சொல்லத்தான் போகிறேன்.

நேரமாகிவிட்டதா? பஸ்ஸுக்குப் போகவேண்டுமா? சாப்பிட்டுவிட்டுப் போ. வெளியாள் பசியோடு போகக்கூடாது. எழுதினதை எல்லாம் உன் கம்பெனியில் காட்டு. ஒன்றை மட்டும் பெரிசாக எழுதிக் காட்டு: இலை போடுகிற கை யாருடையது என்று சாப்பிடுகிறவனுக்கு எப்போதும் தெரிய வேண்டும்.

அது தெரிந்துவிட்டால் போதும். தை மாசம் அவள் வரட்டும், சிவப்பு முடியை விரித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கட்டும். யார் முதலில் பரிமாறினது என்று பார்த்துக்கொண்டு போகட்டும்.